செவ்வாய்ச் சந்தை, சனிச் சந்தை: கிங்ஸ் லின்னுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு பிப்ரவரி இரவு. "டியூஸ்டே மார்க்கெட் பிளேஸில் காரை நிறுத்திவிட்டு நடந்து போ, அங்கே எப்போதும் இடம் இருக்கும்" என்று கேம்பிரிட்ஜில் இருக்கும் நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் கார் நுழையவே வழியில்லை. திடல் முழுக்க ராட்டினம், மோதுகார், விளக்குத் தோரணம், காதைக் கிழிக்கும் பாட்டு. எலும்பு வரை குளிர்கிற அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் பஞ்சுமிட்டாயோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். சரி, ஊரே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே திடல் வெறும் கார் நிறுத்துமிடமாக, காற்று மட்டும் சுற்றுகிற இடமாக இருந்தது.

நான் பார்த்தது 'மார்ட்' என்ற திருவிழாச் சந்தை. பிப்ரவரி 14 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் நடக்கும். எட்டாம் ஹென்றி மன்னர் 1537-இல் கொடுத்த பட்டயத்தின்படி இன்றும் நடக்கிறது. ராட்டினக்காரர்களுக்கு ஆண்டின் திருவிழாக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. அந்த நாட்களில் திடலில் கார் நிறுத்த முடியாது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீராவியில் சுற்றும் ராட்டினங்களைச் செய்து புகழ்பெற்ற ஃபிரெடரிக் சாவேஜும் இந்த ஊர்த் தொழிலதிபர்தான். லண்டன் ரோட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரியில்தான் கிங்ஸ் லின். ஊர்க்காரர்கள் வாயில் வெறும் 'லின்'. முன்பு இதன் பெயர் பிஷப்ஸ் லின், அதாவது ஆயருடைய லின். அதே 1537-இல் ஹென்றி ஆயரிடமிருந்து ஊரைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டதும் ராஜாவுடைய லின் ஆகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். ஹன்ஸ்டான்டன் என்று எழுதுவார்கள், பழைய ஆட்கள் 'ஹன்ஸ்டன்' என்பார்கள். வைமண்ட்ஹாம் என்று எழுதியிருப்பது 'விண்டம்'. ஆற்றின் பெயர் கிரேட் ஊஸ். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஆறு மாதம் அதை 'அவுஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் திருத்தவில்லை. இங்கே அதுதான் மரியாதை.

அப்புறம் ஊரின் அமைப்பு. இது புரிந்துவிட்டால் வழி தவறவே மாட்டீர்கள். லின் உண்மையில் இரண்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டது. நார்விச்சின் ஆயர் ஹெர்பெர்ட் டி லோசிங்கா 1101-இல் தெற்கே புனித மார்கரெட் தேவாலயத்தைத் தொடங்கி, பக்கத்தில் சனிக்கிழமைச் சந்தைக்கும் வழி செய்தார். வியாபாரம் கொழிக்கவே இடம் போதவில்லை. பிறகு வந்த ஆயர் ஒருவர் வடக்கே புதிதாக நிலம் பிரித்து, அங்கே செவ்வாய்க்கிழமைச் சந்தையையும் புனித நிக்கோலஸ் சிற்றாலயத்தையும் வைத்தார். அதனால்தான் இன்றும் ஊருக்கு இரண்டு சந்தைத் திடல், இரண்டு பெரிய கோயில். யாராவது 'மார்க்கெட் பிளேஸில் சந்திக்கலாம்' என்றால், செவ்வாயா சனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போய் நான் மழையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

தெருப் பெயர்களில் வரும் 'ஃப்ளீட்' என்பது நம் ஊர்க் கழி மாதிரி, கடல் ஏறி இறங்கும் சிறு நீரோடை. மில்ஃப்ளீட்டைத் தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள். பர்ஃப்ளீட்டில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதன் கரையில்தான் 1683-இல் கட்டிய கஸ்டம் ஹவுஸ் நிற்கிறது. ஊரிலேயே அழகான கட்டடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பக்கத்தில் ஜார்ஜ் வான்கூவரின் சிலை. 1757-இல் லின்னில் சுங்க அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரையை வரைபடமாக்கியவர். கனடாவின் வான்கூவர் நகரம் இவர் பெயர்தான். இங்கே அந்தப் பெயரில் ஒரு கடைவளாகம் இருக்கிறது. "வான்கூவரில் செருப்பு வாங்கினேன்" என்று யாராவது சொன்னால் மிரளாதீர்கள்.

13-ஆம் நூற்றாண்டில் ஊஸ் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு லின் வழியாகக் கடலில் சேரத் தொடங்கியது. இந்த ஊருக்கு வாழ்வு வந்தது அப்போதுதான். ஈலி, கேம்பிரிட்ஜ் என்று உள்நாட்டின் பெரும் பகுதிக்கு ஆற்றுவழியில் லின்தான் வாசல் ஆனது. தானியமும் கம்பளியும் உப்பும் இங்கிருந்து போயின. பிரான்சிலிருந்து திராட்சை மது, பால்டிக் கரையிலிருந்து மரம், தார், மெழுகு, மிருகத்தோல் வந்தன. நார்வேயின் பெர்கனிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது கருவாடு. ஆமாம், கருவாடுதான். உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன், கட்டை போல இருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் முன்னணித் துறைமுகங்களில் லின் ஒன்று. இன்று ரயில் பாதை முடியும் ஒரு சிற்றூர் என்று பார்த்துவிட்டு நம்புவது கஷ்டம்.

கிங் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் அந்தக் காசு எங்கே போனது என்று தெரியும். வாசல் பக்கம் வணிகர் வீடு, பின்பக்கம் ஆறு. ஆறு வண்டல் தள்ள, வணிகர்கள் குப்பையும் மண்ணும் கொட்டி நிலத்தை நீட்ட, கரை மேற்கே நகர்ந்துகொண்டே போனது. புது நிலத்தில் நீளநீளமான கிடங்குகள் எழுந்தன. அதனால்தான் குறுகலான வாசல் உள்ளே போகப்போக முடிவில்லாமல் நீள்கிறது. குயின் ஸ்ட்ரீட்டில் கிளிஃப்டன் ஹவுஸ் என்ற வீட்டில் ஒரு கோபுரமே இருக்கிறது, தன் கப்பல் வருகிறதா என்று வணிகர் ஏறிப் பார்ப்பதற்கு.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று புனித மார்கரெட் கோயிலுக்கு எதிரே உள்ள ஹான்ஸ் ஹவுஸ். வட ஜெர்மனியையும் பால்டிக் கரையையும் சேர்ந்த வணிக நகரங்களின் கூட்டணிதான் ஹான்சா. லூபெக், டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) எல்லாம் அதில் இருந்தன. இங்கிலாந்து ராஜாவோடு சண்டை தீர்ந்து 1474-இல் உட்ரெக்ட் ஒப்பந்தம் போட்டபின், லின்னில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1475-இல் எழுந்த அந்தக் கிடங்குதான் இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே ஹான்சா கட்டடம். வெளிநாட்டு வணிகர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சரக்கை அடுக்கி வியாபாரம் செய்தார்கள். அந்தக் கிடங்கு வருவதற்கு முன்பே உறவு வீடு வரைக்கும் போயிருந்தது. 1373 வாக்கில் பிறந்த மார்ஜரி கெம்ப் என்ற லின் பெண்மணியின் மகன் ஜெர்மன் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டான். மார்ஜரி ஜெருசலேம், ரோம் எல்லாம் போய்வந்தவர். அறுபதாவது வயதை ஒட்டி, அந்த மருமகளோடு கப்பலேறி டான்சிக் வரை போனார். எழுதத் தெரியாததால் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். அவருடைய அப்பா ஐந்து முறை இந்த ஊர் மேயர்.

அதே பால்டிக் கரையிலிருந்து இப்போது மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். 2004-க்குப் பிறகு லித்துவேனியர், போலந்துக்காரர், லாட்வியர் எனப் பலர் வயல்வேலைக்கும் உணவுத் தொழிற்சாலைகளுக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். நமக்கு இதில் ஒரு லாபம். அவர்களுடைய கடைகளில் கெஃபிர் என்ற புளித்த பால் கிடைக்கும், அதில் தண்ணீரும் உப்பும் இஞ்சியும் சேர்த்தால் மோருக்கு மிக அருகில் வந்துவிடும். ரவையும் இருக்கும், பெயர்தான் வேறு. புளியும் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் பீட்டர்பரோவுக்கோ, கேம்பிரிட்ஜின் மில் ரோட்டுக்கோ மாதம் ஒருமுறை போய்வருவதுதான் எங்கள் வழக்கம்.

வீடு பார்க்கும்போது ஆற்றோரப் பழைய வீடுகள் கண்ணைப் பறிக்கும். ஜாக்கிரதை. அவற்றில் பல பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஜன்னலை மாற்றவோ, வெளியே டிஷ் மாட்டவோ அனுமதி வேண்டும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் குளிர்காலத்தில் காஸ் பில் வந்த அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எரிசக்திச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சமையலறையில் புகைபோக்கி உண்டா, ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். கடுகு தாளித்ததற்கு அலாரம் அடித்து அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது (வாடகை மிக அதிகமான வீடுகளுக்கு மட்டும் ஆறு வாரம்). அதை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும், ஆனால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்கத்திய உரிமம் எடுத்துவிடுங்கள், தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு.

வெள்ளத்தைப் பற்றி விளையாட்டாக இருக்காதீர்கள். சுற்றிலும் உள்ள ஃபென் என்ற சதுப்பு நிலம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வாய்க்கால் வெட்டி வடித்தெடுத்தது. பல இடம் கடல் மட்டத்துக்கும் கீழே. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி உள்ளே வந்தபோது லின்னில் மட்டும் 15 பேர் இறந்தார்கள். புனித மார்கரெட் கோயிலின் மேற்கு வாசலருகே கல்லில் வெள்ளக் கோடுகள் வெட்டியிருக்கின்றன: 1883, 1953, 1978, 2013. பக்கத்தில் நின்று உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரசின் வெள்ள அபாய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இலவச எச்சரிக்கைச் செய்திக்கும் பதிந்துகொள்ளுங்கள். இந்தக் கடலை நம்பிக் கெட்டவர்களில் ஜான் மன்னரும் ஒருவர். 1204-இல் லின்னுக்குப் பட்டயம் கொடுத்தவர், 1216 அக்டோபரில் இங்கே தங்கிவிட்டுப் புறப்பட்டபோது அவருடைய மூட்டைமுடிச்சும் செல்வமும் வாஷ் விரிகுடாவின் சேற்றில் போயின. சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரில் ஊரில் ஒரு அழகான கிண்ணம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்துச் செய்தது. இதை ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

நம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால், ரயிலேறி லண்டன் கிங்ஸ் கிராஸ் போய், அங்கிருந்து நார்தர்ன் லைனில் ஹைகேட்டில் இறங்கினால் முருகன் கோயில் பக்கம்தான். ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்று, கிங்ஸ் கிராஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லின்னை ஒட்டிய பாதையில் சில இடம் ஒற்றைத் தண்டவாளம். எதிர்ரயில் தாமதமானால் நம் ரயிலும் காத்திருக்கும். இரவுக் கடைசி ரயிலை நம்பிப் பூசை முடிகிற வரை உட்காராதீர்கள்.

சாப்பாட்டில் நான் இங்கே கண்ட புதையல் ஒன்று உண்டு. கோடையில் மீன் கடைகளில் 'சாம்ஃபயர்' என்று பச்சைக் குச்சி குச்சியாக ஒரு கீரை விற்பார்கள். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தேன். எங்கள் தூத்துக்குடி உப்பளத்து ஓரத்தில் முளைக்கும் உமரிதான், அதன் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே யாரும் சட்டை செய்யாத செடியை இங்கே வெண்ணெய் போட்டு வதக்கி மீனோடு தட்டில் வைக்கிறார்கள். நான் தேங்காயும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரியல் செய்கிறேன். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், செடியிலேயே இருக்கிறது. வாஷ் விரிகுடாவின் சிப்பியும் சிறு இறாலும் நன்றாக இருக்கும். இறாலை வேகவைத்தேதான் விற்பார்கள், அதனால் குழம்பில் கடைசியில் போட்டால் போதும்.

முதல் விடுமுறை நாளில் வெயில் அடித்தால் பஸ் பிடித்து ஹன்ஸ்டான்டன் போங்கள். அந்த ரயில் பாதையை 1969-இல் மூடிவிட்டார்கள். கோடைச் சனிக்கிழமைகளில் சாலை நெரிசல் ஊர்ந்து போகும் அளவுக்கு இருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. செம்மண் நிறமும் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கு வைத்த பாறைச்சுவர் கடலோரம் நிற்கும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருந்தும் அந்த ஊர் மேற்கே பார்த்திருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, கடலுக்குள் அது இறங்கியதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் திசையே குழம்பிவிட்டது. கடைசி பஸ் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.