பட்டாளத்துக்குப் போன பாட்டனாரை ஓய்வூதியத் தாள்களின் வழியே தேடுவது எப்படி?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகள் உண்டு. அந்தப் பட்டாளத்தார் எந்தப் படையில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. தெரிந்துகொள்ள விரும்புவோர் எடுத்த எடுப்பிலேயே ராணுவத்துக்குக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். பெயரையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆவண அலுவலகத்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. படை எண், படைப்பிரிவு ஆகிய இரண்டையும் முதலில் வீட்டிலேயே தேடி எடுக்க வேண்டும்.

உப்புக்காற்றில் நம் ஊர்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் எழுத்து உரிந்து வந்துவிடும். எங்கள் பாட்டனாரின் ஓய்வூதிய உத்தரவு நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் பூச்சி அரித்து, எண்ணின் நடு இலக்கங்கள் இருந்த இடத்தில் ஓட்டை மட்டுமே மிஞ்சியிருந்தது. அதே எண் முழுமையாக அவருடைய டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதப்பட்டிருந்ததை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தோம். ஆகவே பெட்டியையும் பாருங்கள், பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் பாருங்கள். முதல் உலகப் போருக்கான வட்டப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை விளிம்பில்தான் பொறிக்கப்பட்டன.

ஓய்வூதிய உத்தரவு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் எண் ‘எஸ்’ என்று தொடங்கினால் பணிக்கால ஓய்வூதியம், ‘டி’ என்றால் உடல் ஊனத்துக்கானது, ‘எஃப்’ என்றால் குடும்பத்துக்கானது. பழைய உத்தரவில் லாகூர் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் பிரிவினைக்கு முன் அங்கேதான் இருந்தது, பின்னரே அலகாபாத்துக்கு வந்தது.

அடுத்து, படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் எனப்படும் தகவல் தொடர்புப் படை என்றால் ஜபல்பூர். ‘மதராஸ் பட்டாளம்’ என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த ரெஜிமென்ட் 1920-களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் திரட்டப்பட்டது. 1930-களில் பணியாற்றியவர் பெரும்பாலும் வேறு பிரிவில்தான் இருந்திருப்பார்.

ஓய்வூதியத் தாளே இல்லையென்றால், அவர் படையில் இருந்ததில்லை என்று பொருளாகாது. சிப்பாய் ஓய்வூதியம் பெறப் பொதுவாகப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும்; போர்க்காலத்தில் சேர்ந்து 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சிறு தொகையோடு திரும்பினார்கள். இவர்களுடைய பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. ‘ஆவணம் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு பலர் நின்றுவிடுவது இங்கேதான். நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் ‘லாங் ரோல்’ எனப்படும் ஆள்பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் உள்ள பதிவின் நகலைத் தருமாறு, ‘லாங் ரோல்’ என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். மேலும், ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை வழங்கியது; பாட்டி அதை வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உள்ள அவருடைய கோப்பில் பாட்டனாரின் படை விவரங்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர்ப் பெயரில் கவனம் தேவை. ‘ராம்நாட்’ மாவட்டம் 1910-இல் உருவாகி 1985-இல் மூன்றாகப் பிரிந்தது. பழைய தாளில் அந்தப் பெயரோடு சிவகாசியோ காரைக்குடியோ வரக்கூடும். அதனால் தாலுகாவையும் தகப்பனார் பெயரையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். இரண்டாம் போரில் இறந்த பலருக்கு அதில் தகப்பனார் பெயரும் ஊரும் உள்ளன. ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றித் தேட வேண்டும், அவ்வளவுதான்.

1942-இல் சிங்கப்பூரில் சிறைப்பட்டு, நேதாஜியின் படைக்குப் போனவர்களின் தேடல் வேறு வழியில் செல்லும். அந்தப் படையை மனமார ஆதரித்தவர்கள் என்று கருதி பிரிட்டிஷார் ‘கறுப்பர்’ என்று வகைப்படுத்தியவர்கள் சம்பள நிலுவையும் இழந்து பணிநீக்கம் செய்யப்பட்டதால், அவர்களுக்கு ராணுவ ஓய்வூதியத் தாள் இராது. மத்திய அரசு 1972-இல் தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்தால், அந்தக் கோப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சிறையில் உடனிருந்தவரின் சான்று அதில் இணைக்கப்பட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள்; அந்தத் தோழரின் ஊரில் உங்கள் பாட்டனாரின் புகைப்படம்கூட இருக்கலாம்.