வியூகக் கூட்டாண்மைச் செய்தியை எடைபோடுவது எப்படி?

பாதுகாப்பு, வணிகம் போன்றவற்றில் நெருங்கிச் செயல்பட நாடுகள் ஒப்புக்கொள்வதே வியூகக் கூட்டாண்மை. அந்தச் செய்தியில் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை விடுங்கள். ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது? முதலில் அதைத் தேடுங்கள். 1960-ஆம் ஆண்டு அமெரிக்க–ஜப்பான் உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, ஜப்பானின் ஆட்சிப் பகுதி தாக்கப்பட்டால் இருவரும் செயல்படச் சொல்கிறது. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாடில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அது ராணுவக் கூட்டணி அல்ல. நாகர்கோவிலில் குழுவாகப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடைமுறை ஒப்பந்தங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. 2016-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்த லெமோவா ஒப்பந்தப்படி, ஒருவர் கப்பல் மற்றவர் துறைமுகத்தில் எரிபொருள், உணவு, உதிரிபாகம் வாங்கிக்கொண்டு பிறகு கணக்குத் தீர்க்கலாம். தளம் அமைக்க இடமில்லை; ஒவ்வொரு முறையும் தனி ஒப்புதல் வேண்டும். 2018-இல் காம்காசா ஒப்பந்தம் ரகசியத் தகவல்தொடர்புக் கருவிகளுக்கும், 2020-இல் பெக்கா ஒப்பந்தம் வரைபடத் தரவுகளுக்கும் வழிவிட்டன. 2022 ஆகஸ்டில் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எண்ணூர் அருகே காட்டுப்பள்ளிக்குப் பழுதுபார்க்க வந்தது. பத்துக் கூட்டறிக்கைகளைவிட இந்த ஒரு வருகைக்கு எடை அதிகம்.

கூட்டறிக்கையைப் படிக்கும்போது போன ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்த சொல், காணாமல்போன சொல் இரண்டையும் கோடிடுங்கள். குவாட் தலைவர்களின் அறிக்கைகளில் சீனாவின் பெயரைத் தேடிப் பயனில்லை. “நிலவரத்தைத் தன்னிச்சையாக மாற்றும் முயற்சி” என்று வரும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள்; பெயர் சொல்லாமல் சீனாவைச் சுட்டும் இடம் அது.

உறவு ஏறுமுகமாகவே போகும் என்று நம்பித்தான் பலர் சறுக்குகிறார்கள். 2007-இல் தொடங்கிய குவாட், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா ஒதுங்கியதும் படுத்துவிட்டது, 2017-இல்தான் எழுந்தது. வணிகத்தையும் பாருங்கள், எல்லைப் பூசல் இருந்தும் அது நிற்பதில்லை: 2023-24-இல் சீனாவிலிருந்து இந்தியா செய்த இறக்குமதி 100 பில்லியன் டாலரைத் தாண்டியது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளக் கடற்பகுதியில் மீன்பிடிக்கும் குமரிக்காரர்கள் இலங்கைச் செய்திகளைத் தவறவிடக் கூடாது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்ற சீனாவின் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் அங்கே வர, இந்தியா கவலை தெரிவித்தது. பிறகு 2024-இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. எந்த நாட்டையும் பெயர் சொல்லவில்லை. சிறிய நாடு இரு பக்கமும் பகைக்காமல் நகரும் விதம் இது. ஆய்வுக் கப்பல் திரட்டும் கடலடி ஆழம், நீரின் வெப்பம், உப்புத்தன்மை நீர்மூழ்கிகளுக்கும் உதவும். ஆகவே இத்தகைய வருகைகளில் கப்பலின் பெயரோடு, எத்தனை நாள் நின்றது, எரிபொருள் நிரப்ப மட்டுமா, ஆய்வுக்கும் அனுமதி கிடைத்ததா என்பதையும் குறித்துவையுங்கள்.