காசு நின்றதும் எடை ஏன் திரும்புகிறது? மாணவர்களுக்கான ஊக்கத்தொகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைத்தால் காசு என்று சொன்னால் நிறையப் பேர் குறைத்துவிடுவார்கள். குறைத்தது அடுத்த செமஸ்டரிலும் அப்படியே நிற்குமா என்பதுதான் கேள்வி, பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவதும் அங்கேதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கெவின் வோல்ப் குழுவினர் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மாணவர்கள் இல்லை, 30 வயது தாண்டியவர்கள், ஆனாலும் பலரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். 16 வாரத்தில் லாட்டரி முறையில் (இலக்கை எட்டினால் குலுக்கலில் பரிசு) பணம் கிடைத்தவர்கள் சராசரியாக 13 பவுண்டு (சுமார் 6 கிலோ) குறைத்தார்கள், சொந்தக் காசை டெபாசிட் கட்டியவர்கள் (இலக்கை எட்டாவிட்டால் அந்தக் காசு போய்விடும்) 14 பவுண்டு, காசே இல்லாதவர்கள் 4 பவுண்டுகூட இல்லை. ஏழாவது மாதம் திரும்ப எடை பார்த்தால், காசு வாங்கியவர்களுக்கு நன்றாகவே ஏறியிருந்தது, குழுக்களுக்கு இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் மிஞ்சவில்லை.

ஆக, முழுப் பணத்தையும் குறைக்கிற கட்டத்திலேயே கொட்டுவது முதல் தவறு. சரி, எடை ஏறாமல் வைத்திருந்தால் காசு என்று மாற்றினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே 5 கிலோவாவது குறைத்திருந்த 191 பேரிடம் நடத்திய ஆய்வில் (2018) காசு கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தார்கள். எடை மெஷின் காட்டும் எண்ணுக்கு மட்டும் காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போனது இதைப் படித்த பிறகுதான்.

எண்ணை விட்டுப் பழக்கத்துக்குக் கொடுங்கள். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு, நான்கு வாரத்தில் எட்டு முறை ஜிம்முக்குப் போனால் 100 டாலர் என்று டான் ஆக்லண்டும் மேத்யூ லெவியும் கொடுத்துப் பார்த்தார்கள். காசு நின்ற பிறகும் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள், பழக்கம் ஒட்டத்தான் செய்தது, ஆனால் குளிர்கால விடுமுறை வந்து போனதும் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இனி எத்தனை முறை போவீர்கள் என்று கேட்டபோது, உண்மையில் போனதைவிட அதிகமாகவே சொல்லியிருந்தார்கள். மாணவர்களுக்கென்று திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இது: அவர்களுடைய வருடம் நேர்கோடாக ஓடுவதில்லை. தேர்வு வாரம் வரும், அம்மா சமையலோடு ஒரு மாதம் வரும், புது ஹாஸ்டல் அறை வரும், ஒவ்வொன்றிலும் தூங்குவதும் சாப்பிடுவதும் புரண்டுவிடும். அதனால் கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கை லீவு முடிந்து திரும்பும் முதல் இரண்டு வாரத்துக்கென்றே எடுத்து வையுங்கள்.

தொகையைத் தூரத்தில் வைப்பதும் வேலைக்கு ஆகாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் ஊழியர்களுக்கு, எடை குறைத்தால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் 550 டாலர் தள்ளுபடி என்று அறிவித்தார்கள், எடையில் அசைவே இல்லை (2016). சம்பளப் பட்டியலில் கழிகிற காசு கண்ணில் படாது. இந்த வெள்ளிக்கிழமையே கைக்கு வரும் 10 டாலர் படும்.

மாணவர்களிடம் டெபாசிட் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகைப்பதை நிறுத்தும் ஓர் ஆய்வில் (2015) வெகுமதித் திட்டத்தை 90 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள், டெபாசிட் என்றதும் 14 சதவீதம்தான். கல்விக் கடனில் இருக்கிற பிள்ளை முதல் ஆளாக ஒதுங்கிவிடும்.

அப்புறம், எடை பார்க்கும் நாள். வாரம் ஒரே நாள், ஒரே எண் என்று வைத்தால் முந்தின நாள் பட்டினி கிடப்பார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். ஒருவருடைய எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். பல நாள் சராசரியை எடுங்கள், ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பைக் கொடுங்கள். உணவுக் கோளாறுகள் பெரும்பாலும் தொடங்குவது இந்த வயதில்தான் என்பதால் சேரும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், யார் எவ்வளவு குறைத்தார்கள் என்ற பட்டியலை எங்கும் ஒட்டாதீர்கள். வரம்புக்குக் கீழே எடை போனால் அதற்குக் காசு கிடையாது, அன்றே கல்லூரி மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், இதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.