மடிந்த காதுப் பூனையை வாங்கும் முன் அதன் வம்ச வரலாற்றைப் பார்ப்பது எப்படி?

காது மடிந்த பூனை இனமான ஸ்காட்டிஷ் ஃபோல்ட்டின் குட்டியை வளர்க்க விரும்புவோர், நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் அந்த இனம் உருவான விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் அருகே ஒரு பண்ணையில், காதுகள் முன்பக்கமாக மடிந்திருந்த சூசி என்ற வெள்ளைப் பூனையை வில்லியம் ராஸ் என்ற மேய்ப்பர் கண்டார். அது ஈன்ற குட்டிகளிலும் அதே காது தென்படவே, அவற்றில் ஒன்றைக் கொண்டு அவர் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற வாரிசுகள் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், அமெரிக்கன் ஷார்ட்ஹேர் இனங்களோடு சேர்க்கப்பட்டு இன்றைய உருண்டை முகத்தைப் பெற்றன.

ஆகவே முதலில் தாய், தந்தை இரண்டின் காதுகளையும் நேரில் பாருங்கள். மடிப்பு ஓங்கு மரபணுவால் வருவதால், ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். நிமிர்ந்த காதுள்ள துணையோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு அது அமையும். இரண்டுக்குமே காது மடிந்திருந்தால் அந்த ஈற்றில் குட்டி வாங்கவே கூடாது. காதை மடியச் செய்யும் அதே மரபணு மாற்றம் உடலெங்கும் உள்ள குருத்தெலும்பையும் கெடுக்கிறது. இரு பக்கமிருந்தும் அதைப் பெற்ற குட்டி இளவயதிலேயே மூட்டுகள் இறுகித் துன்பப்படும். ஒரு பக்கமிருந்து மட்டும் பெற்றவையும் முழுமையாகத் தப்புவதில்லை. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970களின் தொடக்கத்திலேயே இந்த இனத்தின் பதிவை நிறுத்தியது. காரணமான மரபணு டிஆர்பிவி4 என்பது 2016இல் கண்டறியப்பட்டது.

பிறக்கும்போது எல்லாக் குட்டிகளுக்கும் காது நிமிர்ந்தே இருக்கும். மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் மடிப்புத் தெரியும். அதற்கு முன் யாரேனும் உறுதி கூறி முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பிறகு குட்டியின் உடலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வாலை அடியிலிருந்து நுனிவரை விரல்களால் மெதுவாக வருடிப் பாருங்கள். நல்ல வால் கொடிபோல் வளையும். தடித்தோ விறைத்தோ இருந்தாலும், தொட்டதும் குட்டி முனகினாலும் அது நோயின் அடையாளமாக இருக்கலாம். தாய்ப்பூனை தாவி ஏறத் தயங்குகிறதா, பின்கால்களை விறைப்பாக வைத்து நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கால்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது நல்லது. ஆனால் வளரும் வயதில் எக்ஸ்ரேயில் குறையின்றித் தெரிந்த எலும்பு பின்னர் கெடவும் கூடும்.

என் பரிந்துரை, அதே ஈற்றில் நிமிர்ந்த காதோடு பிறந்த ஸ்காட்டிஷ் ஸ்ட்ரெயிட் குட்டியே. முகமும் குணமும் அதே வம்சத்தினுடையவை. இந்த மரபணு மாற்றம் மட்டும் அதனிடம் இல்லை.