மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் என்ன பார்க்க வேண்டும்?

ஆய்வில் சேருபவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது என் வேலை. "எங்கே கையெழுத்து, சொல்லுங்க சிஸ்டர்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அவசரமே வேண்டாம். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துப் படியுங்கள்.

முதலில், எத்தனையாவது கட்டம் என்று பாருங்கள். முதல் கட்டத்தில் புது மருந்தைச் சிலருக்கு மட்டும் கொடுத்து, பாதுகாப்பானதா, எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நிறையப் பேரிடம் நடப்பு சிகிச்சையோடு ஒப்பிடுவது.

உங்களுக்கு எந்த மருந்து என்பது பெரும்பாலும் குலுக்கல்தான். டாக்டரே ஆள் பார்த்துப் பிரித்தால், தேறியது மருந்தாலா, உடம்பு வாகாலா என்று தெரியாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் குலுக்கல் முறையில்தான் சிலருக்கு வீட்டிலும் சிலருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குணமாக மருத்துவமனைப் படுக்கையும் சத்துணவும் வேண்டும் என்று அதுவரை பேசியவர்கள் வாயடைத்திருப்பார்கள்!

அப்புறம், சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்ற பத்தியை இரண்டு தடவை படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் எப்போதும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்றை வாங்காமல் கிளம்பாதீர்கள்.