கடலோரப் பழைய கோல்ஃப் மைதானத்தை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் சவுத் யூயிஸ்ட் என்றொரு தீவு இருக்கிறது. 1891இல் புகழ்பெற்ற கோல்ஃப் வீரரும் மைதான அமைப்பாளருமான ஓல்ட் டாம் மோரிஸ் அங்கே வந்து, அஸ்கெர்னிஷ் என்ற இடத்தின் மணல்மேடுகளுக்கு நடுவே 18 குழிகள் கொண்ட மைதானம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். பின்னாளில் ஆட்டம் பக்கத்துச் சமதரைக்கு இறங்கிவிட்டது. மேட்டுப் பகுதியில் புல் மண்டி, பழைய தடமே மறைந்துபோனது. 2005இல் புல்தரை நிபுணர் கோர்டன் இர்வின் தீவுக்குப் போனதிலிருந்துதான் தேடல் தொடங்கியது. 2008இல் மைதானம் மறுபடியும் திறக்கப்பட்டது. மூல வரைபடம் கையில் இல்லை. பெரிய மண்வேலையும் நடக்கவில்லை. எந்தப் பள்ளம் கிரீனாக (குழியைச் சுற்றிப் புல் குட்டையாக வெட்டப்பட்ட தரை) இருந்திருக்கும், எந்த முகட்டில் நின்று அடித்திருப்பார்கள் என்று நிலத்தை நடந்து நடந்து பார்த்து, பெரும்பாலும் புல்லை வெட்டியே அந்த மைதானத்தை வெளியே கொண்டுவந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மீட்பு என்ற பெயரில் வேறு பல இடங்களில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லிங்க்ஸ் எனப்படும் இந்தக் கடலோர மைதானங்கள் உழவுக்கு உதவாத மணல்தரையில் பிறந்தவை. காற்று மேட்டைக் குவித்தது. ஆடும் முயலும் புல்லைக் கறம்பின. மனிதன் குழி தோண்டிக் கொடியை நட்டான், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நிலத்தை மீட்பது என்றால், பிற்காலத்தில் அதன்மேல் ஏற்றிவைத்ததை எடுப்பதே முதல் வேலை. பெரும்பாலான தவறுகள் எடுக்க வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதால் வருகின்றன.

வேலை தொடங்கும் முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. "பழைய நிலைக்குக் கொண்டுவருவோம்" என்று நிர்வாகக் குழு தீர்மானம் போடும். எந்த ஆண்டின் நிலைக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இருக்கும் ஓல்ட் கோர்ஸ் என்ற புகழ்பெற்ற மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1764 வரை அங்கே ஒரு சுற்று என்பது 22 குழிகள். அந்த ஆண்டில்தான் அது 18 ஆனது. ஒரு காலத்தில் இன்றைய திசைக்கு எதிர்த்திசையிலும் ஆடினார்கள். இதில் எது "பழையது"? சுவரில் தொங்கும் ஒரே ஒரு புகைப்படத்தை நம்பி இறங்காதீர்கள். அது ஒரு புயலுக்கு மறுநாள் எடுத்ததாகக்கூட இருக்கலாம். வான்வழிப் புகைப்படங்கள், நில அளவை வரைபடங்கள், குழுவின் குறிப்பேடுகள், பழைய போட்டிச் செய்திகள் என்று நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓல்ட் கோர்ஸை மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி அளந்து 1924இல் வெளியிட்ட வரைபடம் போன்ற ஆவணம் எல்லா மைதானத்துக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காத இடத்தில் நிலம்தான் ஆவணம். அதை யந்திரத்தால் சமப்படுத்திவிட்டால் சாட்சியை அழித்த மாதிரி.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். மிகப் பெரிய கேடு இதில்தான் நடக்கிறது.

லிங்க்ஸ் தரைக்கு உரிய புல் ஃபெஸ்க்யூ. ஊசிபோல் மெல்லியது, வேர் ஆழமாக இறங்கும், சத்தில்லாத மணலிலேயே பிழைத்துக்கொள்ளும். கோடையில் காய்ந்து வைக்கோல் நிறமாகும். மழை பெய்தால் திரும்பப் பசுமையாகும். அந்த வைக்கோல் நிறத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் தெளிப்பானைத் திறந்துவிடுகிறார்கள், தழைச்சத்து உரத்தைத் தூவுகிறார்கள். உடனே போவா ஆனுவா என்ற களைப்புல் குடியேறுகிறது. வேர் மேலாக நிற்கும் புல் அது. தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகும், தண்ணீர் கொடுத்தால் நோய் பிடிக்கும். ஒருமுறை அதை வளர்த்துவிட்டால், அதைக் காப்பாற்றவே இன்னும் தண்ணீர், இன்னும் உரம், இன்னும் மருந்து என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் கிரீன் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. மண் எடுக்கும் குழாயைச் செருகி உருவிப் பாருங்கள். நல்ல தரையில் வெளிர் மணல் முழு நீளத்துக்கும் வரும். தலைமுடி போன்ற வேர்கள் அதனூடே சாண் ஆழம் வரை போயிருக்கும். கெட்ட தரையில் மேலே கறுத்த பஞ்சுப் படலம் ஒன்று இருக்கும். விரலால் அழுத்தினால் நீர் கசியும். முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வரும். வேர் எதுவும் அந்தப் படலத்தைத் தாண்டியிருக்காது. இந்தத் தரையின் மேல் எத்தனை அழகாகப் பழைய வடிவத்தை வரைந்தாலும் ஆட்டம் பழைய ஆட்டமாக இருக்காது. தரையில் பட்ட பந்து ஓட வேண்டும். இங்கே அது பொத்தென்று விழுந்து நின்றுவிடும்.

மருந்து எளிது, ஆனால் மெதுவானது. நீரையும் உரத்தையும் படிப்படியாகக் குறைத்து, துளையிட்டு, மணல் தூவி, ஃபெஸ்க்யூ விதையை ஆண்டுதோறும் ஊன்ற வேண்டும். பல ஆண்டுகள் ஆகும். ஒரே கோடையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புல்லை எவ்வளவு குட்டையாக வெட்டுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தொலைக்காட்சியில் பார்க்கும் கண்ணாடி வழவழப்பைக் கடலோரத்தில் எதிர்பார்ப்பது தவறு. 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியின்போது, கிரீனில் இருந்த பந்துகள் காற்றில் தாமாக நகர்ந்ததால் சனிக்கிழமை ஆட்டம் 10 மணி நேரத்துக்கும் மேல் நின்றது. பழைய கிரீன்களின் மேடுபள்ளங்கள் மெதுவாக உருளும் பந்துக்காக அமைந்தவை. புல்லை மழுங்கச் சிரைத்துவிட்டு, பிறகு "சரிவு அதிகம்" என்று அந்த மேட்டையே வெட்டித் தள்ளுவதைவிடப் பெரிய பாவம் இந்தத் துறையில் இல்லை.

பங்கர்களில், அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணல் பள்ளங்களில், வேறு வகை அவசரம். மண்ணோடு பெயர்த்த புல்கரண்களைச் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பும் செங்குத்துச் சுவர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதனால் எல்லாப் பங்கரையும் அதே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். பழைய படங்களில் பார்த்தால், பல பங்கர்கள் காற்று கடித்த விளிம்போடு, வடிவமே இல்லாமல் பரந்து கிடக்கும். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் இருக்கும் கார்டினல் பங்கருக்கு மரக்கட்டைச் சுவர். ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. மேலும் புல்கரண் சுவர் சில ஆண்டுகளில் தளர்ந்து சரியும். மறுபடி கட்ட ஆளும் பணமும் இல்லாத சங்கம் அதில் இறங்கக் கூடாது.

முட்புதர்களைப் பற்றிச் சுருக்கமாக: 1953இல் பிரிட்டனுக்குள் வந்த மிக்ஸமடோசிஸ் நோய் முயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கறம்ப ஆளில்லாமல் போனதும் மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் (gorse) என்ற முட்புதர் பல மைதானங்களில் தழைத்துவிட்டது. அகற்ற வேண்டியதுதான். ஆனால் பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் வேண்டாம், ஒரே மூச்சிலும் வேண்டாம். பல லிங்க்ஸ் நிலங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதி வாங்காமல் அரிவாளை எடுக்காதீர்கள்.

நம் கடற்கரையில் இராவணன் மீசையும் அடும்புக் கொடியும் மணலைப் பிடித்துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட கடலோரங்களில் அந்த வேலையைச் செய்வது மர்ரம் புல். புது மணல் மேலே விழ விழ அதுவும் மேலே மேலே வளரும். மணல் வருவது நின்றால் நலிந்துவிடும். ஆள் நடந்து மிதித்தாலும் சாகும். மணல்மேட்டை அசையாமல் கட்டிப்போட நினைத்துக் கற்சுவர் எழுப்பினால், அலை சுவரின் ஓரத்தைச் சுற்றிப் போய்ப் பக்கத்து நிலத்தைத் தின்னும். 1562 முதலே கோல்ஃப் ஆடப்பட்ட ஸ்காட்லாந்தின் மொன்ட்ரோஸில் கடல் மணல்மேடுகளை அரித்துக்கொண்டே உள்ளே வருகிறது. டீக்களை (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடங்களை) இடம் மாற்ற வேண்டியதாகிவிட்டது. அரிக்கும் கரையில் குழியை உள்நாட்டுப் பக்கம் நகர்த்துவது தோல்வி அல்ல. மணல்மேடுதான் எப்போதும் நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைசித் தவறு, ஊராரை மறப்பது. 2023 பிப்ரவரியில் ஓல்ட் கோர்ஸில் ஸ்வில்கன் என்ற பழைய கல்பாலத்தின் அடியில், படமெடுக்க வருவோரின் மிதியால் புல் தேய்கிறது என்று கல் பாவினார்கள். எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அதைப் பெயர்த்து எடுக்க நேர்ந்தது. அஸ்கெர்னிஷிலும் சிக்கல் வந்தது. அந்த நிலத்தில் மேய்ச்சல் உரிமை கொண்ட சிறு விவசாயிகள் சிலர் எதிர்த்து நின்றார்கள். வழக்கு நில நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோல்ஃப் வருவதற்கு முன்பே அந்தப் புல் அவர்களுடைய ஆடுமாடுகளுக்குச் சொந்தமாக இருந்தது. இன்றும் குளிர்காலத்தில் அங்கே மாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன. அவை கறம்பித் தாழ்த்திய புல்லின் மேல்தான் கோடையில் பந்து ஓடுகிறது.