வான்கோழி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? காதை வைத்துக் கணிப்பது எப்படி

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெட்டைக் குரலில் கூப்பிடத்தான் விழுந்து விழுந்து பழகுகிறார்கள், பதிலுக்குக் கத்தும் சேவல் எங்கே நிற்கிறது என்று கேட்கப் பழகுவதில்லை. கடைசியில் சேவலுக்கு நேராகவே நடந்து போய் அதைக் கலைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கால் மைல் தள்ளி உட்கார்ந்து வராத பறவைக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று: சத்தம் பெரிதாகக் கேட்டால் பக்கம், சிறிதாகக் கேட்டால் தூரம் என்று முடிவு கட்டாதீர்கள். விடியலில் சேவல் மரக்கிளையில் இருந்தபடியே கோபிள் போடும், அதாவது உருளும் குரலில் கத்தும். அந்தச் சத்தம் புதர்களுக்கு மேலாக வருவதால், காற்று அசையாத நாளில் ஒரு மைல் தள்ளிக்கூடக் கேட்கலாம். அதே சேவல் கீழே இறங்கியதும், ஒரு அடிகூட விலகாமல் இருந்தாலும், குரல் பாதியாகிவிடும். அது போய்விட்டது என்று நினைத்து எழுந்து நடப்பவர்கள்தான் அதிகம். தலையை அந்தப் பக்கம் திருப்பிக் கத்தினாலும் இதே கதைதான், அதனால் ஒரே ஒரு கோபிளை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், மூன்று நான்காவது கேட்ட பிறகு யோசியுங்கள்.

சத்தத்தின் அளவை விட அதில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். காடு உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளை முதலில் விழுங்கிவிடும். அதனால் தூரத்துக் கோபிள் வழவழப்பாக, நடுப்பகுதி மட்டும் மிதந்து வருவது போல இருக்கும், எந்தத் திசை என்றும் சட்டென்று பிடிபடாது. நெருங்க நெருங்க அந்தக் கரகரப்பு தெரியும், குரல் உருளுவது துண்டு துண்டாகப் பிரிந்து கேட்கும். நூறு கெஜத்துக்குள் வந்துவிட்டால் உடம்பு சிலிர்த்துக்கொள்ளும், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் இலை. சீசன் தொடக்கத்தில் மரங்கள் மொட்டையாக இருக்கும்போது பழகிய காதை, சில வாரம் கழித்து இலை விட்ட காட்டுக்கு அப்படியே கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். முன்பு இருநூறு கெஜம் என்று பட்ட அதே சத்தம் இப்போது நூறிலிருந்தே வரலாம். நடுவில் ஒரு மேடு இருந்தாலும் அப்படித்தான், மேட்டின் அந்தப் பக்கம் மந்தமாகக் கேட்ட பறவை உச்சியில் ஏறியதும் திடீரென்று மடியில் வந்து விழுந்தது போலக் கத்தும். காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி அடித்தால் இருப்பதை விடத் தூரமாகத் தோன்றும். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தேவைப்பட்டால் பிறகு நகரலாம், கலைந்த சேவலைத் திரும்பக் கூப்பிடுவது கஷ்டம்.

திசையை உறுதி செய்ய, கோபிள் கேட்ட இடத்தில் திசைகாட்டி பாருங்கள். பிறகு சேவலை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் நூறு கெஜம் நகர்ந்து, அடுத்த கோபிளுக்கு மறுபடி பாருங்கள். இரண்டு கோடும் வரைபடத்தில் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் பறவை. கோடுகள் ஏறக்குறைய இணையாகப் போனால் அது ரொம்பத் தூரம். அது தானாகக் கத்தவில்லையா, ஆந்தை அல்லது காக்கைக் குரல் கொடுத்துப் பாருங்கள், பல சேவல்கள் அதற்கே அதிர்ந்து பதில் சொல்லும்.

கிளையில் இருக்கும் சேவலுக்கு நூறு, நூற்றைம்பது கெஜம் தள்ளி, உங்கள் தோளை விட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். இலை இல்லாத காட்டில் இன்னும் தள்ளியே இருங்கள், மேலிருந்து அதற்கு எல்லாம் தெரியும்.

கத்துவதை நிறுத்திவிட்டால் பலரும் சோர்ந்து எழுந்துவிடுகிறார்கள். அப்போதுதான் டிரம்மிங் என்ற சேவலின் தாழ்ந்த ஒலியைத் தேட வேண்டும்: சின்னதாக ஒரு துப்பல், பின்னாலேயே அடிவயிற்றில் அதிரும் ‘டூம்ம்’. பெரும்பாலும் மிக அருகில்தான் அது காதில் விழும், ஆனால் அவ்வளவு தாழ்ந்த ஒலியில் திசை சொல்வது கஷ்டம். துப்பாக்கி ஏற்கெனவே முழங்காலில் இருக்க வேண்டும், கண் மட்டும் அசையட்டும். தலையும் மார்பில் தொங்கும் தாடியும் தெளிவாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது, ஏனென்றால் நீங்கள் கேட்பது இன்னொரு வேட்டைக்காரரின் அழைப்பாகவும் இருக்கலாம். இதே காரணத்துக்காக, கோபிள் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போவதும் ஆபத்து.

பழக வான்கோழியே தேவையில்லை. எங்காவது ஒரு காக்கை கத்தினால் தூரத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ரேஞ்ச் ஃபைண்டரில் அளந்து பாருங்கள். சீசன் இல்லாத நாளில், அனுமதி உள்ள தனியார் நிலத்தில் நண்பர் ஒருவரை, பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியான பாக்ஸ் காலோடு ஐம்பது, நூறு, இருநூறு கெஜத்தில் மாறி மாறி நின்று இழுக்கச் சொல்லுங்கள், ஒரு முறை மேட்டுக்குப் பின்னாலிருந்தும், ஒரு முறை உங்களுக்கு முதுகைக் காட்டியபடியும்.